கரண்ட் போகாத பம்புசெட்

இரண்டு வருடத்துக்கு முன்பு, பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை விட்ட சமயம் நடந்தது இது. எங்கள் வீடு மதுரை பழங்காநத்தத்தில். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜையில் இருப்பவளும் நானும் ஏழு வருடச் சினேகிதிகள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. இரண்டு குடும்பமும் சேர்ந்து எங்காவது டென்ட் போட்டுத் தங்கி, காலாற நடந்துவிட்டு வரலாம் என்று பேசிக்கொண்டோம்.

இடம் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவள் கொடைக்கானல் பக்கம் வாடகைக்கு டென்ட் விடும் இடங்களாகவே போனில் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. டி. கல்லுப்பட்டியைத் தாண்டி என் கணவரின் ஊரில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. பக்கத்திலேயே கண்மாய். கரைமேலேயே நடந்து போனால் ஒரு சின்னக் குன்று, அதன் மேல் நின்றால் கண்ணுக்கெட்டிய வரை வயல். சொந்த இடம் இருக்கும்போது எதற்குக் கொடைக்கானல் என்றேன். அங்கே யார் யார் இருப்பார்கள் என்று இரண்டு தடவை கேட்டாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, கிண்டல் செய்து கூட்டிப்போனேன்.

முதல் நாள் நன்றாகவே போனது. மறுநாள் காலையில் குன்றில் ஏறி இறங்கி, வியர்த்துப்போய்த் தோப்புக்கு வந்ததும் பிள்ளைகள் இருவரும் பம்புசெட் தொட்டிக்குள் குதித்துவிட்டார்கள். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் என் கணவரின் பெரியப்பா அப்போதுதான் வந்தார். எல்லாருக்கும் அவரே இளநீர் வெட்டிக் கொடுத்தார். பிறகு சினேகிதியின் கணவரிடம், "தம்பிக்கு எந்த ஊரு?" என்று விசாரித்தார்.

பரவை என்றார் அவர்.

"பரவைல எங்குட்டு?"

அவர் ஒளிக்காமல் தெருப் பெயரைச் சொன்னார். பெரியப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. மோட்டார் ரூமுக்குள் போனார். குழாயில் தண்ணீர் நின்றது.

"கரண்ட் போயிருச்சு. பிள்ளைகள மேல ஏறச் சொல்லுங்க" என்றார்.

அவர் தலைக்கு மேலே ரூமில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதை நாங்கள் நான்கு பேருமே பார்த்தோம். என் கணவர் குனிந்து செருப்பைத் தேடினார். சினேகிதி தன் மகளுக்குத் தலை துவட்டிவிட்டாள். அந்தக் குழந்தை என்னிடம், "கரண்ட் வந்ததும் திரும்பக் குளிக்கலாமா ஆன்ட்டி?" என்று கேட்டது. நான் தலையாட்டினேன்.

கால் மணி நேரத்தில் அவர்கள் டென்ட்டைச் சுருட்டிவிட்டார்கள். "மாமியாருக்கு முடியலைன்னு போன் வந்துச்சுக்கா. கிளம்புறோம்" என்றாள். அந்தத் தோப்பில் யார் போனிலும் சிக்னல் கிடையாது. ஒரு பொய்க்கு அவள் மரியாதையாக இன்னொரு பொய் சொல்லிவிட்டுப் போனாள்.

கார் கண்மாய்க்கரை திரும்பியதும் பெரியப்பா தொட்டியின் அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரை வெளியே விட்டார். விளக்குமாற்றால் உள்ளே தேய்த்துக் கழுவினார். மோட்டாரைப் போட்டார். "இப்ப வா தாயி, குளி" என்று என் மகளைக் கூப்பிட்டார். அவள் ஓடிப்போய் இறங்கினாள். நான் துண்டோடு பக்கத்தில் நின்றேன். பெருசு அப்படித்தான், விடு என்றார் கணவர். விட்டுவிட்டேன்.

சினேகிதி இன்னும் பக்கத்து மேஜையில்தான் இருக்கிறாள். இன்னும் அக்கா என்கிறாள். சேர்ந்து சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஒரு மாதம் கழித்து, பெரியவர் செய்ததற்கு மன்னித்துக்கொள் என்று அவளிடம் போய் நின்றேன்.

"மோட்டார நிப்பாட்டுனது அவரு. அவர விடுங்கக்கா. நாங்க போனப்புறம் நீங்க என்ன கேட்டீங்க அவர்கிட்ட?" என்றாள்.

ஃபைலை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

கழுவிய தொட்டியில் என் மகளைக் குளிக்க விட்டபோதே நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன் என்பது எனக்குத் தெரியும். அதை அவளிடம் ஒப்புக்கொள்ளும் தைரியம்தான் இன்றைக்கு வரை வரவில்லை.