தேருக்கு வந்திருவான்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடிப்பூரத் தேரன்று காலை ஆறேகாலுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் தங்கியிருந்த விடுதியின் மாடி ஜன்னலைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது எதிர்ச்சாரியில் நின்ற ஒரு பெண்மணி. அறுபது வயதிருக்கும். தெருவில் எல்லோரும் தேர் நிற்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் விடுதி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத வீதியில் இருந்த அந்த விடுதி ஒரு பழைய மச்சு வீடு. முற்றத்தையும் மரத்தூண்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, அறைகளுக்கு மட்டும் ஏசி போட்டிருந்தார்கள். மாடியிலிருந்தே தேர் பார்க்கலாம் என்பதற்காகச் சென்னையிலிருந்து போயிருந்தேன்.

காபிக்குக் கீழே இறங்கியபோது அவர் உள்ளே வந்திருந்தார். வரவேற்பு மேசையில் இருந்த இளம்பெண்ணிடம் அவர் கேட்டது ஒன்றுதான். தேர் கடந்து போகிறவரை வாசல் கதவை அடைக்கக் கூடாது.

"கூட்டம் உள்ள பூந்துரும்மா. மேனேஜர் அடைக்கச் சொல்லிட்டாவ."

"தேர் வார தெருவுல கதவ அடைப்பாவளா? நீ எந்த ஊருட்டி?"

"வத்திராயிருப்பு."

"அதான்."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். இது அவர் வாழ்ந்த வீடு. வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட மகனை, இனி வாசற்படி மிதிக்கக் கூடாது என்று கணவர் அனுப்பிவிட்டார். போனவன் போன் நம்பரையும் மாற்றிவிட்டான். கணவர் இறந்தார், வீடு கைமாறியது, அவர் ராஜபாளையத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இது எதுவுமே மகனுக்குத் தெரியாது. அம்மாவைத் தேட அவனுக்கு இருப்பது இந்த வாசல் மட்டும். இந்த ஊர்க்காரர்கள் எங்கே பிழைத்தாலும் தேருக்கு வந்து வடம் தொட்டுவிட்டுப் போகிறவர்கள்.

"தேருக்கு வந்திருவான். வந்து பாக்கும்போது கதவு அடைச்சிருந்தா, அப்பாதான் அடைச்சிருக்காவன்னு நெனச்சுத் திரும்பிப் போயிருவான்."

நான் மேலாளரிடம் பேசினேன். இந்த அம்மா என் விருந்தாளி, கதவருகே நாங்களே உட்கார்ந்துகொள்கிறோம் என்றேன். ஒற்றைக் கதவை மட்டும் திறந்து வைக்கச் சம்மதித்தார்.

காத்திருந்தபோது முற்றத்தில் இருந்த ஆட்டுரலை அந்த அம்மா கவனித்தார். குழியில் தண்ணீர் ஊற்றித் தாமரை மிதக்கவிட்டிருந்தார்கள்.

"ஏட்டி, இதென்ன கூத்து? இட்டிலிக்கு ஆட்டுன ஒரலு அது!"

"வாரவுக எல்லாம் அதுகிட்ட நின்னுதான் போட்டோ எடுக்காவம்மா."

"எனக்கு அது கையொடிச்சதுதான் மிச்சம்" என்று சிரித்தார்.

அந்தப் பெண் மகனின் படத்தைக் கேட்டு வாங்கித் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். மாடியிலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்றாள். கல்லூரிக் காலத்துப் படம் அது. "இப்ப மீசை வச்சிருப்பானோ என்னமோ" என்றார் அவர்.

தேர் வீதிக்குள் திரும்பியது. 'கோவிந்தா, கோபாலா' என்ற குரல் அலையாக வந்தது. எங்கள் வாசலுக்கு நேரே வந்தபோது தெருவே தலைக்கு மேல் கை கூப்பி அண்ணாந்து பார்த்தது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. வடம் பிடித்து வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, தாயாரு போறாவ, கும்பிடுங்க" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"அவ இங்கனதான இருப்பா. நாளைக்குக் கும்பிட்டுக்கிடுதேன்."

ஒரு முறை படியிறங்கி ஓடி, ஒரு இளைஞனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார். அவன் திரும்பினான். "போப்பா, நீ போ" என்று கையை எடுத்துக்கொண்டார்.

தேர் போனது. தெரு காலியாக வெகுநேரம் ஆயிற்று. மாடியிலிருந்து இறங்கி வந்த பெண் அவர் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு, "நம்பரச் சொல்லுங்கம்மா, வந்து கேட்டா உடனே குடுக்கேன்" என்றாள்.

"அப்பா இல்லன்னு மொதல்ல சொல்லிரு. பொறவு நம்பரக் குடு."

அதன்பின் எந்தத் திருவிழாவுக்குப் போனாலும், கூட்டத்தில் யாரையாவது தேடிக்கொண்டிருக்கும் முகம் என் கண்ணில் படாமல் போவதில்லை.

அன்று மாலையில் அவரைப் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன். ராஜபாளையம் வண்டியில் நிறைய இடம் இருந்தது. அவர் படிக்கட்டுப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து, தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டே போனார்.