எட்டுக் கம்பியும் சரி

1. ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்த, நான் நிரல் எழுதும் எஃப்.பி.ஜி.ஏ. சிப் போர்டில் ஈதர்நெட் கேபிளைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது.
2. நூறு மெகாபிட் வேகத்தில் எல்லாத் தகவலும் வந்தது. கிகாபிட்டில் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை.
3. செவ்வாய்க்கிழமை, கேபிள் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.
4. வியாழக்கிழமை, கேபிள் போட்ட கருப்பையா அண்ணனின் விசாவை ரத்து செய்தார்கள்.
5. சனிக்கிழமை, தவறு என்னுடையது என்று தெரிந்தது.

ஞாயிறு வேலைநாளாக இருப்பது இன்னும் எனக்குப் பழகவில்லை. துபாயில், அல் குசைஸில் எங்கள் அலுவலகம். கருப்பையா அண்ணன் திருமயத்துக்காரர். நான் காரைக்குடி என்று தெரிந்த நாள் முதல் என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார்.

நூறு மெகாபிட்டுக்குக் கேபிளில் நான்கு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். அவர் டெஸ்டரை மாட்டிக் காட்டினார்.

"எட்டு லைட்டும் எரியுது பாருங்க தாயி. நீங்க சொல்ற அந்த ‘பக்’ பூச்சி உங்க டப்பாக்குள்ள இருக்கு."

"டப்பாவைப் பத்தி உங்களுக்கு என்னண்ணே தெரியும்?"

"தெரியாதுதான். கடையில ஒரு ரெடிமேட் கேபிள் வாங்கிப் போட்டுப் பாருங்களேன்."

நேரமில்லை என்றேன். அவர் கேலியாகச் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. கேபிள் மேல் எழுதிக் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மேலாளர் என் தாளைப் படித்துவிட்டு, "கேபிள்வாலாவா? கலாஸ்" என்றார், கதை முடிந்தது என்பதுபோல. எச்சரிப்பார் என்று நினைத்தேன், ஊருக்கே டிக்கெட் போட்டுவிட்டார். ஊரில் ஒருவர் மேல் பழி சொன்னால் மறுநாள் நாலு பேரோடு வாசலில் வந்து நின்று கேட்பார். இங்கே பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழுந்தால் கேட்க ஆள் இருக்காது.

சனிக்கிழமை விடுமுறை. ரெடிமேட் கேபிளை வாங்கிக்கொண்டு தனியாகப் போய்ச் செருகினேன். அதே கோளாறு. பிறகுதான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். போர்டில் கேபிளோடு பேசும் சிப், கடிகாரத் துடிப்பை இரண்டு நானோ விநாடி தாமதப்படுத்தி அனுப்புகிறது. அது தெரியாமல் என் நிரலிலும் அதே தாமதத்தைச் சேர்த்திருந்தேன். இரண்டும் சேர்ந்ததால் போர்டு, ஒரு பிட் முடிந்து அடுத்தது தொடங்கும் விளிம்பில் போய் வாசித்தது. நூறு மெகாபிட்டில் ஒவ்வொரு பிட்டும் அதிக நேரம் நிற்கும். அதனால் அங்கே தெரியவில்லை. நான் சேர்த்த அந்த ஒரு வரியை நீக்கினேன். எல்லாம் வந்தது. பழைய கேபிளை மாட்டினேன். அதிலும் வந்தது.

"கேபிள் மாற்றியதும் சரியானது" என்று அறிக்கை எழுதினேன். மேலாளர் ஷாபாஷ் சொன்னார்.

அடுத்த மாதம் ஊரிலிருந்து கருப்பையா அண்ணனே போன் செய்தார்.

"சரியாயிருச்சா தாயி?"

"ஆயிருச்சுண்ணே."

"அப்ப கேபிள்தானா?"

"ஆமாண்ணே."

"என் கைதான் தப்புப் பண்ணிருச்சு போல. நல்லாருங்க" என்று வைத்துவிட்டார்.

இரண்டு வருட லீவு சேர்ந்து கிடக்கிறது. திருச்சியில் இறங்கினால் காரைக்குடிக்குப் போகும் பேருந்து திருமயத்தில் நிற்கும். வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். போர்டு வேலை செய்கிறது. அவர் கேபிள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எட்டுக் கம்பியும் சரி.