மாற்றிக்கொண்ட வசன அட்டை

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் கஞ்சிக்கோட்டுச் சபையின் இளம் போதகர் தட்டை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுத்தேன். வருஷம் முழுக்க வீட்டுச் சுவரில் இருக்கப்போகிற வசனம். புது மை வாசனை மூக்கில் ஏறியது. திருப்பிப் பார்த்தால், மலைகள் விலகினாலும் கிருபை விலகாது என்கிற அதே ஏசாயா வசனம். தட்டிலேயே திருப்பி வைக்கப் போனேன். நாற்பது தாண்டிய மனுஷனுக்கு ஓர் அட்டையைக் கண்டு பயமா என்று சிரிக்காதீர்கள்.

அந்த மை வாசனை என்னை மூணாறுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு இழுத்துப்போய்விடும். பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கிடக்கும். அங்கே ஜனவரி முதல் தேதி காலையில் ஒரு திருட்டு வியாபாரம் நடக்கும். உபத்திரவம், கண்ணீர் என்று வசனம் வந்தவர்கள், கோவிலிலிருந்து இறங்குகிற பாதையிலேயே நைசாக யார் தலையிலாவது அதைக் கட்டிவிடுவார்கள். கர்த்தர் கொடுத்ததை மாற்றலாமா என்று போதகர் கத்துவார். கேட்டால்தானே!

எனக்குக் கஞ்சிக்கோட்டு இரும்புக் கம்பெனியில் வேலை கிடைத்த வருஷம், மலை அட்டை எனக்குத்தான் வந்தது. லயத்துக்குப் பின்னால் அவ்வளவு பெரிய மலை நிற்கிறது, இதென்ன பாழாய்ப்போன வசனம் என்று அட்டையைக் கவிழ்த்துப் பிடித்தேன். தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிற என் கூடப்பிறந்த அக்கா என் முகத்தைப் பார்த்தாள். தன் அட்டையை நீட்டினாள். அதில் திறந்த வாசலை உனக்கு முன்னே வைத்தேன் என்கிற வசனம். பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

“மலைய மட்டும் ஏம்ல பாக்க? அதுக்குப் பொறவு உள்ளதையும் படி” என்றாள். என் அட்டையைச் சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டினாள்.

அந்த ஆடியில் மூன்று நாள் மழை விடவில்லை. மண் சரியும் என்று லயத்தில் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். அக்காவும் போய்விட்டாள். மதியம் கஞ்சிக்கோட்டிலிருந்து பள்ளிக்கூட டீச்சரின் போனுக்குக் கூப்பிட்டு அக்காவிடம் பேசினேன். இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்த பக்கத்து வீட்டு ராசம்மா இன்னும் லயத்திலேயே இருக்கிறாள், மகன் ஜீப் தேடிப் போயிருக்கிறான், நான் போய்த் தூக்கி வருகிறேன் என்றாள். போகாதே என்று கத்தினேன்.

“அவள விட்டுட்டு எப்பிடில இருக்க?” என்றாள். அதுதான் கடைசி.

நாலு மணிக்கு மலை இறங்கியது. இருவரையும் ஒரே இடத்தில் எடுத்தார்கள். ராசம்மாவின் கை அக்காவின் கழுத்தைச் சுற்றியே இருந்ததாம்.

அன்றிலிருந்து அந்த வசனத்தோடு எனக்குச் சண்டை. விலகாத கிருபை அன்றைக்கு எங்கே போயிருந்தது? அட்டையை நானே வைத்திருந்தால் அக்கா இருந்திருப்பாளோ என்றுகூடப் பைத்தியம் போல யோசித்திருக்கிறேன். மலை அசையாது என்று அந்த வசனம் ஒருநாளும் சொல்லவில்லை என்பது இந்தப் புத்தாண்டுக் காலையில்தான் மண்டையில் உறைத்தது. மலை விலகியது. அக்கா விலகவில்லை. அதனால் மனசு ஆறிவிட்டதா என்றால், இல்லை.

லயம் இருந்த இடத்தில் இப்போது புல்தான். பத்து வீட்டுக்காரர்களும் திசைக்கொருவராகப் போய்விட்டோம். இங்கே யாரும் அட்டை மாற்றுவதில்லை. போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கூட்டம் கலையும்வரை நானும் அட்டையோடு கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துத் தன் அட்டையை நீட்ட அங்கே யாரும் இல்லை.