கை இறங்கினால் பாட்டு முடிந்தது

பள்ளிக்கூடப் பாட்டுக்குழுவைப் பழக்குகிற வேலையில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது கால்வாசி. மிச்சமெல்லாம் சொறியாதே, கொட்டாவி விடாதே, பராக்குப் பாராதே என்று கத்துவதுதான். என்னைப்போல மாட்டிக்கொண்ட சங்கீத ரீச்சர்மாரே, உங்களுக்கு இது விளங்கும்.

வாளிக்கும் வரவேற்புப் பாட்டு

சுனாமிக்கு அடுத்த வருசம் மட்டக்களப்பில் நிவாரண வாளி கொடுத்தாலும் விழா, கிணறு இறைத்தாலும் விழா. எல்லாவற்றுக்கும் எங்கள் பிள்ளைகள்தான் பாட வேண்டும். அப்படியொரு விழாவில் முன்வரிசையில் நின்ற ஏழு வயசு சுதா, நடுப்பாட்டில் "அப்பா!" என்று கூவிக் கையாட்டினாள். வாவியில் மீன் பிடிக்கிற அந்த மனிசனும் சபையில் தான் உட்கார்ந்திருந்த கதிரையில் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினார். சபை சிரித்தது, பாட்டு படுத்தது.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே சட்டம் போட்டேன். மேடையில் என் கையைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. கை ஏறினால் பாட்டு, இறங்கினால் முடிவு. அதுக்கு மறுகா எல்லாரும் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

சுதா கேட்டாள்: "அப்ப எங்கட அப்பா கையாட்டினா ஆரு ரீச்சர் பதிலுக்கு ஆட்டுற? நீங்களா?"

நுளம்பு செய்த உபகாரம்

சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஒருநாள் பிரதம விருந்தினர் முக்கால் மணித்தியாலமாகப் பேசிக்கொண்டிருந்தார். என் கன்னத்தில் ஒரு நுளம்பு வந்து இருந்து கடித்தது. அடிக்கக் கையைத் தூக்கினேன், அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளும் நன்றிப் பாட்டை எடுத்துவிட்டார்கள். விருந்தினர் பேச்சை மடித்துப் பையில் வைத்தார்.

பள்ளிக்கூட அதிபர் என் காதோடு சொன்னார்: "ரீச்சர், அந்த நுளம்ப அடிச்சுப்போடாதீங்க, அடுத்த விழாவுக்கும் வேணும்."

மாவட்டப் போட்டி

சண்டை இறுகின காலத்தில் சுதாவின் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. அதற்குப் பிறகு அவளுக்குச் சபையைப் பார்க்காதே என்று நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

சண்டை முடிந்த பிறகு வந்த போட்டியில் இரண்டாம் சரணம். சுருதி பிசகவில்லை, ஆனால் என் கையையே பார்த்துக்கொண்டு பாடுகிற சுதாவின் கன்னமெல்லாம் கண்ணீர். சபைப் பக்கம் கிறுகிப் பார்த்தேன். கடைசி வரிசையில் மெலிந்து கறுத்த ஒருவர் கதிரையில் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறார்.

என்ர கடவுளே! என் கையைத் தூக்கி நான்தான் பதிலுக்கு ஆட்டினேன். பிறகு இறக்கிவிட்டேன். நாற்பது வாயும் பாதிச் சொல்லில் மூடின. "ஓடு புள்ள, அப்பாட்ட ஓடு!" என்றேன்.

அவள் விம்மிக்கொண்டே கேட்டாள்: "கும்பிட்டுட்டு ஓடவா, கும்பிடாம ஓடவா, ரீச்சர்?"

பாதிப் பாட்டுக்குப் புள்ளி இல்லையென்று நடுவர்கள் சொன்னது சரிதான், ஆனால் நாற்பது பேரும் அழுதுகொண்டே வரிசை குலையாமல் கும்பிட்டதற்காவது ஏதும் போட்டிருக்கலாம்.