செயின் ரம்பத்துக்குள் என் சைக்கிள் டியூப்

1. சீட்டு கேட்டு வந்தவர்

"ஆயில் கலக்காம ஓட்டி மெஷினை எரிச்சிட்டான்னு ஒரு சீட்டு எழுதிக் குடும் அண்ணாச்சி. ரிப்பேர் செலவை அவன் கூலியில புடிச்சுக்கிடுதேன்."

காண்ட்ராக்டர் தங்கவேல் செயின் ரம்பத்தை என் பெஞ்சில் வைத்ததும் சொன்னது இதைத்தான். அவருக்குப் பின்னால் நின்றவர் முத்தையா, மம்சாபுரத்துக்காரர், அந்த ரம்பத்தை ஓட்டுகிறவர். வத்திராயிருப்புப் பக்கம் ஒரு மாந்தோப்பில் காய்ப்பு நின்ற மரங்களை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் ரம்பம் மக்கர் பண்ணி வேலை நின்றுவிட்டது.

எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் எனக்குச் சின்ன ஒர்க்‌ஷாப். சைக்கிள் பஞ்சர் ஒட்டி ஆரம்பித்தவன். மருந்தடிக்கிற ஸ்பிரேயர், பிறகு செயின் ரம்பம் என்று கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டேன். தங்கவேலிடம் நாலு ரம்பம். நாலும் என் கடைக்குத்தான் வரும்.

இது டூ ஸ்ட்ரோக் இஞ்சின். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், இல்லையென்றால் பிஸ்டன் போய்விடும். மெஷினை எரித்தவன் என்று ஒரு தடவை பேர் விழுந்தால் போதும், பிறகு ஒருத்தரும் அவன் கையில் ரம்பத்தைக் கொடுக்க மாட்டார்கள். முத்தையாவுக்கு வேறு தொழில் தெரியாது.

"ஏலே, கலந்தியா இல்லையா? உள்ளதைச் சொல்லு," என்றார் தங்கவேல்.

"கலந்தேன் மொதலாளி. நாலு நாளா ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் எறங்கல, தானா கத்துச்சு. உங்ககிட்டயும் சொன்னேன். 'கார்புரேட்டர் ஸ்குருவைத் திருகிட்டு அறுலே'ன்னீங்க."

2. நுரை வந்த இடம்

டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்துச் செய்தித்தாளில் விட்டேன். பெட்ரோல் பறந்துவிட்டது. வடை மடித்த தாள் மாதிரி எண்ணெய்க் கறை மட்டும் நின்றது.

"ஆயில் இருக்கு," என்றேன்.

"இன்னைக்கு இருக்கு. நேத்து ஊத்தினதை நீர் பாத்தீரா?"

"நீர் பாத்தீரா? ரெண்டு பேரும் பாக்காததை நான் எழுத மாட்டேன்."

ரேஸ் தானாக ஏறினால் எங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தம். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதில் கீறல் விழுந்தால் காற்று கூடும், பெட்ரோலும் அதோடு வருகிற ஆயிலும் பத்தாமல் போகும். இஞ்சின் கொதித்துப் பிஸ்டனில் கோடு விழும். ஸ்குருவைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டினால் ரெண்டு நாள் ஓடும், அவ்வளவுதான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

பஞ்சர்க்காரனுக்குத் தெரிந்த வழியிலேயே பார்த்தேன். கார்புரேட்டரைக் கழற்றி, பிஸ்டனை மேலே ஏற்றி நிறுத்தி, ரப்பர் வாயில் சைக்கிள் பம்பை இறுக்கிக் காற்றடித்தேன். முத்தையா சோப்புத் தண்ணியை ஊற்றிக்கொண்டே வந்தார். சிலிண்டர் ஓரத்தில் ரப்பரை இறுக்கும் கிளாம்ப் அடியில் குபுகுபுவென்று நுரை.

"பாத்தீங்களா மொதலாளி!"

முத்தையா துள்ளினார். எனக்கோ அந்தக் கிளாம்பை முறுக்கியது யார் என்று ஞாபகம் வந்துவிட்டது.

கழற்றினேன். உள்ளே சைக்கிள் டியூப் துண்டு. ரெண்டு மாதத்துக்கு முன்னால் குழாயில் கீறல் கண்டபோது, மதுரையிலிருந்து புது ரப்பர் வரப் பத்து நாளாகும் என்று நான் சுற்றியது. ஒட்டு என்றால் நம்ம கை என்கிற திமிர். வந்ததும் மாற்றலாம் என்றவன் மறந்தே போனேன். காற்றைத் தாங்குகிற டியூப் பெட்ரோலைத் தாங்காது. ஊறி உப்பி, வெந்த அவரைக்காய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"இது நான் போட்ட ஒட்டு," என்றேன்.

தங்கவேல் வாசலை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஊருல முழுப் பூசணிக்காயையே சோத்துல மறைக்கான். உம்மால ஒரு டியூப் துண்டை மறைக்க ஏலாதா? தூக்கி எறிஞ்சிட்டு எழுதும்வே. நாலு மெஷினும் உம்ம கடையிலதான்."

"ஏலாது."

"அம்புட்டு ரோசமா?"

"சீட்டுதானே வேணும்? இந்தா எழுதுதேன்."

எழுதினேன். 'இந்த ரம்பம் கெட்டது நான் போட்ட ஒட்டால். ஓட்டிய முத்தையா மேல் குற்றம் இல்லை.' கையெழுத்துப் போட்டு, கடை ஸ்டாம்பையும் குத்தி, முத்தையா கையில் கொடுத்தேன்.

"இனி என் மெஷின் ஒண்ணுகூட உம்ம வாசலை மிதிக்காது," என்றார் தங்கவேல்.

"மிதிக்காட்டா போகுது. இதை மட்டும் என் செலவுலயே சரி பண்ணித் தாரேன். பொறவு சைக்கிள் வரும், பஞ்சர் ஒட்டிப் பொழைச்சுக்கிடுதேன்."

முத்தையா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உங்க ஒட்டை விட உங்க கையெழுத்து கெட்டியா இருக்கு அண்ணாச்சி."

3. சிவப்பு நூல்

சொன்னபடியே நாலு மெஷினும் போயின. ஒரு வருஷம் பஞ்சர்தான். அன்றிலிருந்து அவசரத்துக்கு எந்த ஒட்டுப் போட்டாலும் மெஷின் கைப்பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுவேன். சரியான பாகம் போட்ட பிறகுதான் அறுப்பேன். "என்ன, மெஷினுக்குக் காப்புக் கட்டியிருக்கீரு?" என்று கேலி பேசாத ஆளில்லை. பேசட்டும். மறப்பதைவிடக் கேலி மேல்.

முத்தையா அந்தச் சீட்டைக் காட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மரக்கடையில் சேர்ந்துவிட்டார். ஒருநாள் அந்தக் கடை முதலாளியோடு ஒரு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்ப்பா முத்தையா, மெஷினைக் கெடுத்தேன்னு எழுதிக் குடுத்த ஆளு இவருதானே? இவருகிட்டயேவா கொண்டாந்திருக்க?"

"ஆமா மொதலாளி. கெடுத்தேன்னு எழுதிக் குடுத்த மெக்கானிக் இன்னொருத்தர் இருந்தாச் சொல்லுங்க, அங்க போவோம்."