டால்பினுக்கு நான் செய்த முதலுதவி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டால்பினுக்கு முதலுதவி செய்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நானே அதைக் கொன்றிருப்பேன்.

'உனக்கும் டால்பினுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒரு சம்பந்தமும் இல்லை. குத்தாலத்துப் பக்கம் நெல் வயலுக்கு நடுவில் பிறந்தவன். கடல் என்றால் எனக்கு மீன் வாங்கும் இடம், அவ்வளவுதான். அன்றும் மனைவியோடும் மச்சான் சேகரோடும் தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்துக்கு மீன் வாங்கத்தான் போனேன். சேகர் கீழ்வேளூரில் மாட்டு டாக்டர். அவர் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது, கரையில் கூட்டத்தைப் பார்த்து நான் முந்திக்கொண்டு ஓடினேன்.

முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு டால்பின் ஒதுங்கிக் கிடந்தது. உள்ளே தள்ளிவிட்டால் கொஞ்சதூரம் போய், மறுபடி கரைக்கே வந்துவிடுகிறதாம். பாவம், கண் மட்டும் அசைந்தது.

எனக்குள் இருந்த விவசாயி விழித்துக்கொண்டான். சித்திரை வெயிலில் மாடு சுருண்டு விழுந்தால் என்ன செய்வோம்? ஈரச் சாக்கைத் தலையில் போடுவோம். சாக்கு இல்லை... தோளில் துண்டு இருந்தது! நனைத்து, மடித்து, உச்சந்தலையில் பத்துப் போடுவதுபோல் அழுத்தி வைத்தேன். டால்பின் வாலைப் படார் படாரென்று அடித்தது.

"பாருங்க, தெம்பு வந்துடுச்சு!" என்று கூட்டத்துக்கு அறிவித்தேன்.

"அத்தான்! துண்டை எடுங்க! அது மூச்சு விடுறதே உச்சந்தலையிலதான்!"

சேகர் ஓடிவந்து துண்டைப் பிடுங்கினார். கூட்டத்தில் யாரோ கெக்கெக்கேயென்று சிரித்தார்கள். என் மனைவி, இந்த ஆள் யாரென்றே தெரியாதவள் போல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சேகர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். "நெஞ்சுல சளி கட்டின கன்னுக்குட்டி மாதிரி இழுக்குது" என்றார்.

உடனே கூட்டத்தில் எண்ணெய்ப் பேச்சு வந்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன் அந்தப் பக்கம் குழாய் உடைந்து கடலில் கச்சா எண்ணெய் கலந்தது. அள்ளினார்கள், மணலைப் புரட்டினார்கள், தண்ணீர் தெளிந்தது. எல்லோரும் மறந்தும்விட்டோம்.

"தண்ணி தெளிஞ்சா ஆச்சா?" என்றார் சேகர். "எண்ணெய் மிதக்குற இடத்துலதானே இது மேல வந்து மூச்சு வாங்கும்? அந்த ஆவி நுரையீரலுக்குள்ள போயிடுச்சுன்னா வருஷக்கணக்கா படுத்தும். சினை தங்காது, குட்டி செத்துப் பிறக்கும்னு சொல்றாங்க. ஆனா இதுக்கும் அதான் காரணமான்னு பார்த்தவுடனே சொல்ல முடியாது. அறுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

மதியத்துக்குள் டால்பின் செத்துப்போனது.

வனத்துறை ஆட்கள் வந்தார்கள். அறுத்துப் பார்க்க சேகரையும் கூட இருக்கச் சொன்னார்கள். ஊர்க்காரர்களோ அதற்குள் மஞ்சள், பூ, பால் எல்லாம் கொண்டுவந்து குழியும் வெட்டிவிட்டார்கள். கரை ஒதுங்கியதை அப்படி மரியாதையாக அனுப்புவதுதான் அந்த ஊர் வழக்கமாம். முன்னால் நின்றவர் செல்வி. நாங்கள் எப்போதும் மீன் வாங்குவது அவரிடம்தான்.

"அறுக்க வேணாம் டாக்டர். எண்ணெய்னு நீங்க எழுதிட்டா என் மீனை எவன் வாங்குவான்? எண்ணெய் கலந்தப்பவே மாசக்கணக்குல விக்காத மீனைக் கூடை கூடையா குழியில கொட்டினவ நான்."

எனக்குத்தான் எதற்கும் பதில் இருக்குமே! "உண்மை வெளிய வரணும்" என்றேன். செல்வி முறைத்தார். "வாழ்வாதாரமும் முக்கியம்" என்றேன். சேகர் முறைத்தார்.

செல்வி குனிந்து டால்பின்மேல் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரும் அன்னைக்கு வெறுங்கையால வாளியில எண்ணெய் அள்ளினாரு டாக்டர். இன்னைக்கு வரைக்கும் இருமிக்கிட்டே இருக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போனா, பீடி பிடிப்பீங்களான்னு கேக்குறாங்க. பீடியைத் தொட்டதே இல்ல அவரு... நீங்க அறுங்க. உள்ள என்ன இருக்கோ அப்படியே எழுதுங்க."

புதைக்கும்போது வேண்டுமே என்று மஞ்சளையும் பூவையும் அவரே எடுத்து ஓரமாக வைத்தார்.

"அக்கா, யார் வாங்காட்டியும் நான் வாங்குவேன்!" என்று முழங்கிவிட்டு, அவர் கூடையில் இருந்ததிலேயே பெரிய வஞ்சிரத்தை வாங்கினேன்.

டால்பினின் நுரையீரலில் ஒரு துண்டு சோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு வர நாளாகும்.

அன்று ராத்திரி மனைவி குழம்பு வைத்தாள். தெருவே மணத்தது. தட்டில் விழுந்த மீன் துண்டை விரலால் அப்படியும் இப்படியும் புரட்டினேன். யாரும் பார்க்காதபோது முகர்ந்தேன். "எனக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கு. ரசம் போதும்" என்றேன்.

எண்ணெய்க்குப் பயந்து மீனை ஒதுக்குகிற ஆளை நினைத்துச் செல்வி அன்று பயந்தாரே... அந்த ஆள் நான்தான்.