பல்லால் கடித்த டேப்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு ராத்திரிதான் தோது என்று நினைப்பவர்கள் ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அக்காவுக்குத் தூக்கமே மறந்துபோயிருந்தது. தம்பியின் எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிட்டது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லை. அதனால் தனி அறை, இரட்டைக் கதவு. எந்தக் கதவைத் திறந்தாலும் 'பீப்' என்று கத்தும். பூ கூடாது, தொட்டிச்செடி கூடாது, துணைக்கு ஒரே ஆள். "காத்துல இருக்கிற பூஞ்சை நம்மள ஒண்ணும் பண்ணாதும்மா. இவருக்கு நெஞ்சுக்குள்ளயே முளைச்சிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வாரமாகக் காய்ச்சல் எந்த மருந்துக்கும் மசியவில்லை. அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவளுக்கு மிச்சம் இருந்தது இவன் ஒருவன்தான். இவனும் போய்விடுவானோ என்று பயந்து பயந்து, கடைசியில் பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அன்று சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியிலேயே கண் சொருகியது.

சர்ர்ர்க்...

டேப் பிய்க்கிற சத்தம். விழித்துப் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனால் கட்டிலுக்கு நேர் மேலே, ஏசி காற்று வரும் துவாரத்தை மறைத்துப் பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தது. மூலையில் கிடந்த ஸ்டூல் கட்டிலோரம் வந்திருந்தது.

துப்புரவுக்காரம்மா வேலையாக இருக்கும் என்று நினைத்தாள். தம்பி வியர்த்துக் கிடக்கிறான், காற்று வர வேண்டாமா? திட்டிக்கொண்டே ஸ்டூலில் ஏறிப் பிய்த்து எறிந்தாள். டேப்பின் ஓரத்தில் பல் தடம் இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை.

மறுநாள் மத்தியானம். அவள் தூங்கவில்லை. கண்ணை மட்டும்தான் மூடியிருந்தாள்.

சர்ர்ர்க்...

கதவு கத்தவே இல்லை.

ஸ்டூல் கிறீச்சிட்டது. நனைந்த சாக்கு வாடை அடித்தது. கண்ணைத் திறக்கப் பார்த்தாள்... முடியவில்லை.

"அக்கா..."

தம்பியின் குரல். கண் திறந்துகொண்டது. யாரும் இல்லை.

மேலே டேப்.

"யாருக்கா அந்தம்மா? மாஸ்க்கூடப் போடல."

"எந்தம்மா?"

"பல்லால கடிச்சுக் கடிச்சு ஒட்டினாங்களே... உங்கக்காகிட்ட, மறுபடியும் பிய்க்க வேணாம்னு சொல்லுன்னாங்க."

இந்தத் தடவை பிய்க்காமல் மணியை அழுத்தினாள். ஓடிவந்த நர்ஸிடம் "இதைத் திறந்து பாருங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. தம்பியை வெளியே கொண்டுபோன பிறகு ஏசி மெக்கானிக் மூடியைக் கழற்றினார். உள்ளே கறுகறுவென்று பூஞ்சை, கரி பூசிய பஞ்சு மாதிரி மொத்தமாக அப்பியிருந்தது. நெஞ்சை ஸ்கேன் எடுத்துவிட்டு, அன்றைக்கே பூஞ்சைக்கான மருந்தை ஏற்றினார்கள். தம்பிக்கு வேறு அறை கொடுத்தார்கள். சில நாளில் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது.

பிறகு ஒருநாள் நர்ஸ் தணிந்த குரலில் சொன்னாள்.

"அந்த ரூம்ல முன்னாடி ஒரு பையன் இருந்தான். மேலேர்ந்து ஏதோ வாடை வருதுன்னு அவங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. யாரும் காதுல போட்டுக்கல. அவங்களே டேப் வாங்கி ஒட்டுவாங்க, நாங்க பிய்ப்போம். கத்தரிக்கோல் உள்ள விடமாட்டோம்... பல்லாலதான் கடிப்பாங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"பையன் போன அன்னிக்கே வராண்டாவுல விழுந்தாங்க. எழுந்திருக்கவே இல்ல."

அக்கா அழுதுவிட்டாள். நன்றி சொல்லக்கூட ஆள் இல்லையே என்றிருந்தது. அன்று மத்தியானம்தான், புது அறையில், முதல்முறையாக நிம்மதியாகக் கண்ணயர்ந்தாள்.

சர்ர்ர்க்...

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. மணியை அழுத்தினாள்.

"சிஸ்டர்... இந்த ரூமும் வேணாம்."